விளையாடுகிறவரைத் தண்டிக்காத சிறை

நானும் என் தோழியும் சேர்ந்து இணையத்தில் ஒரு விளையாட்டு நடத்துகிறோம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் தொடங்கிய பேச்சு. வேலைக்குப் போன பிறகுதான் கைகூடியது. அது ஒரு கற்பனை நகரம். சேருகிறவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அதில் வாழ வேண்டும். ஒருவர் வியாபாரி, ஒருவர் வைத்தியர், ஒருவர் காவலர். பேச்சு, சண்டை, சம்பந்தம் பேசுவது எல்லாமே எழுத்தில் நடக்கும். புரோகிராம் எழுதுவது நான், விதிகளை யோசிப்பது அவள். திண்டுக்கல்லில் அவள் குடும்பத்துக்குத் தோல் மண்டி இருக்கிறது. வார நாட்களில் அங்கே சரக்கு அனுப்பும் வேலையைப் பார்ப்பாள். ஞாயிறு மதியம் மண்டியின் மாடி அறை எங்களுக்கு. படி ஏறும்போது உப்புப் போட்ட தோலின் வாடை மூக்கைத் துளைக்கும், பேச்சில் மறந்துபோகும்.

நகரம் என்றால் திருட்டும் இருக்குமே. மாட்டிக்கொண்டால் சிறை. நான் எழுதியிருந்த சிறை மிக எளிது. ஒரு அறை, நாலு சுவர். குறித்த நாள் வரும்வரை உள்ளே இருப்பவர் யாருடனும் பேச முடியாது, எதுவும் செய்ய முடியாது.

ஒட்டன்சத்திரத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் எங்கள் நகரத்தில் திருடியாக வாழ்ந்தார். அவர் பூட்டைத் திறக்கும் விதத்தை எழுதுவதைப் படிக்கவே பலர் காத்திருப்பார்கள். ஒரு ஜவுளி வியாபாரியின் கிடங்கிலிருந்து பட்டுக் கட்டைத் தூக்கிப் போய் ஒளித்துவிட்டுத் திரும்பும்போது அவர் காவலரிடம் அகப்பட்டார். இரண்டொரு நாளில் எங்களுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"ஏனுங்க, எனக்கு டூட்டி முடிஞ்சு கிடைக்கறதே ஒரு மணி நேரம்ங்க. அதையும் சுவத்தைப் பாத்துட்டு உக்காரச் சொல்றீங்க. திருடுனது என் கேரக்டருங்க. தண்டனை எனக்குங்களா?"

கோபம் இல்லை, களைப்பு இருந்தது அந்தக் குரலில். நான் பதில் சொல்லப் போனேன். தோழி என் கையிலிருந்து போனை வாங்கி மறுபடியும் கேட்டாள். "செத்த நேரம் இருடி. இவங்க கேக்குறது நாயம்" என்றாள்.

பதில் அனுப்புவதற்கு முன்னால் தன்னுடைய கதாபாத்திரத்தையே அந்தச் சிறையில் போடச் சொன்னாள். அவள் கதாபாத்திரம் நகரத்தின் நீதிபதி. நீதிபதி எங்கே என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, இவள் மண்டியில் சாப்பாட்டு வேளையில் போனைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு வந்ததும் சொன்னாள்: "வலிக்கலடி. போரடிக்குது, அம்புட்டுத்தான். வலிச்சாலாவது எழுத ஒரு கதை இருக்கும்."

பிறகு பொருளைப் பறிகொடுத்த ஜவுளி வியாபாரியைக் கூப்பிட்டாள். அவர் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயி. மழை இல்லாத மாதங்களில் எங்கள் நகரத்தில்தான் அதிகம் இருப்பார். அந்தத் திருடிக்கு என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டாள்.

"என் சரக்கு திரும்பி வரணும்மா. அந்தப் பொண்ணு உள்ள எம்புட்டு நாளு கெடந்தா எனக்கு என்ன? எதுக்கு என் கிடங்கா பாத்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அதுக்கும் பேச விடமாட்டேங்குது உங்க ஜெயிலு."

என்னால் அந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அவளால் முடிந்தது. தண்டனையைக் கடிகாரத்தால் அளக்கவே கூடாது என்றாள். நாள் முழுக்க விளையாடுகிறவருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் வருகிறவருக்கும் ஒரே கடிகாரம் எப்படி நியாயமாகும்? அதனால் தண்டனையைக் காட்சிகளாக மாற்றினாள். ஒரு விசாரணை, பறிகொடுத்தவரோடு நேருக்கு நேர் ஒரு பேச்சு, அவர் கேட்கும் ஒரு வேலை. முடித்தால் வெளியே வரலாம். முடியாவிட்டாலும் ஒரு வாரத்தில் கதவு திறந்துவிட வேண்டும்.

"இப்படிப் பண்ணா எல்லாரும் ஜெயிலுக்கே வந்துருவாங்கடி" என்றேன்.

"வரட்டுமே. வெறும் சுவத்தைப் பாத்துட்டுக் கெடக்குறதுக்கு இது எம்புட்டோ மேல்."

விசாரணைக்கு நகரமே கூடியது. வியாபாரி தன் கேள்வியைக் கேட்டார். திருடி நிதானமாகப் பதில் எழுதினார்: "ஊர்லயே மோசமான பூட்டு உங்களுதுங்க. பாத்ததுமே கை சும்மா இருக்கலைங்க."

செய்திப் பெட்டி சிரிப்பால் நிறைந்தது. வியாபாரியும் சிரித்தார். பட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காவலோடு வந்து கிடங்குப் பூட்டையெல்லாம் திருடியே மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டாள். அந்த வேலை நடந்த சாயங்காலங்களில் நர்ஸின் ஒரு மணி நேரம் முழுக்க அவருடையதாக இருந்தது. பூட்டைப் பற்றி அவரும் வியாபாரியும் போட்ட வாக்குவாதம்தான் எங்கள் விளையாட்டில் நான் அதிகம் ரசித்துப் படித்தது.

அவள்மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது அதற்கப்புறம் நடந்ததில். காவலராக விளையாடிய ஓர் ஆள், விளையாடும் பெண்களுக்குத் தனியாக அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தான். நர்ஸ்தான் எங்களிடம் சொன்னார். கேட்டபோது அவன் அலட்டிக்கொள்ளவில்லை.

"தப்புதான். ஜெயில்ல போடுங்க, இருந்துட்டு வாரேன்."

தோழி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஜெயிலு கேரக்டருக்கு. நீங்க எழுதுனது கேரக்டர் எழுதுனது இல்ல. நீங்க எழுதுனது."

அப்போதே அவனை நீக்கச் சொன்னாள், நீக்கினேன். அவனோடு அவன் கூட்டாளிகள் பலரும் போய்விட்டார்கள். சில வாரம் நகரத்தின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. நான் கலங்கிப்போனேன். அவள் மண்டி வேலைக்கு நடுவில் புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுமையாக வழி காட்டிக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். அதில் பாதிப்பேர் பெண்கள்.

போன மாதம் நர்ஸ் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் வந்தவர், மண்டிக்கும் வந்தார். அவரை நாங்கள் அப்போதுதான் முதல்முறை நேரில் பார்த்தோம். டீ குடித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "அடுத்து அரண்மனைக் கருவூலம்ங்க" என்றார்.

என் தோழி கொஞ்சமும் சிரிக்காமல், "பாத்துச் செய்யுங்க. காவலுக்கு ஆள் கூட்டியிருக்கோம்" என்றாள்.