சாக்கு ஓட்டமும் ஸ்டெல்லா டீச்சரின் வெள்ளிக்கிழமையும்

எல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஸ்டெல்லா டீச்சர் எழுமலைப் பள்ளிக்கு வந்த முதல் வாரமே, "இந்தம்மா கொண்டுவர்ற பாடத்தை நம்ம ஊரு தாங்காது, நிறுத்திப்புடுவாங்க, இவுகளும் விடாம அலைஞ்சு உடம்பக் கெடுத்துக்குவாக" என்று என் பருப்புக் கடையில் வைத்துச் சொன்னேன். அன்று யாரும் நம்பவில்லை. போன சனிக்கிழமை மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் போன் செய்தார். "அண்ணே, ஸ்டெல்லா டீச்சர் போயிட்டாங்க. காலேஜ்ல பேசிட்டு நாற்காலில உக்காந்தவங்க எந்திரிக்கல" என்றார். அங்கிருந்து கோச்சடையில் உள்ள டீச்சர் வீடு பக்கம்தான். நான் போகவில்லை. எழுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் சமூக அறிவியல் நடத்தியவர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கேட்டு வாங்கி, அதற்கு உலக வளர்ச்சிக் கல்வி என்று பெயர் வைத்தார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் அந்தக் காலத்து எட்டாவது இன்றைய டிகிரிக்கு மேல் என்பதால், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரான எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. பிள்ளைகள் தினமும் புழங்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கிருந்து வந்தது, யார் உழைத்தது, உழைத்தவருக்கு என்ன கிடைத்தது. "நம்ம சோத்துத் தட்டுல பத்து நாடு இருக்குண்ணே, பிள்ளைங்க அதப் பாக்கணும்" என்பார்.

அந்த ஆண்டு விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்கு நான்தான் இருபது சாக்கு கொடுத்தேன். மைக்கில் என் பெயரை மூன்று முறை சொன்னார்கள். கப்பலில் வரும் துவரம்பருப்பை வேறு சாக்கில் கொட்டி, நம் மண்ணில் விளைந்தது என்று விற்பது என் வழக்கம். காலியான அந்தக் கப்பல் சாக்குகளைத்தான் பள்ளிக்குக் கொடுத்திருந்தேன். விசில் ஊதும்வரை இடுப்பில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், அதில் அச்சடித்திருந்த நாட்டின் பெயரை வாசித்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டுப் பிள்ளைகள் நோட்டோடு கடைக்கு வந்தார்கள். பின்னால் டீச்சர்.

"மாமா, மொசாம்பிக் எங்க இருக்கு?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

"உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும்" என்றேன்.

"அது ஆப்பிரிக்கா மாமா. அம்புட்டுத் தூரத்துல வெளஞ்சத நம்ம ஊருப் பருப்புன்னு ஏன் சொல்றீங்க?"

கடையில் நின்ற துவரை விவசாயி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மாப்ள, எங்க துவரைய வாங்க ஆளில்லன்னு சொன்னியே, அது இதுனாலதானா?" என்றார்.

டீச்சர் குறுக்கே வந்தார். "நாம யாரையும் குத்தம் சொல்ல வரல. அங்க இத வெளைய வச்சவங்களுக்கு எம்புட்டுக் கெடச்சதுன்னு மட்டும் கேளுங்க."

எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியலைன்னு எழுதிக்கங்க. அதுவும் பதில்தான்" என்றார். பிள்ளைகள் என் பெயரை எழுதி, அதற்கு நேரே தெரியவில்லை என்று எழுதினார்கள். அந்தத் தாள் ஒரு மாதம் வகுப்புச் சுவரில் இருந்தது.

பிறகு பெற்றோர் கூட்டம் நடந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனார், "பருப்பு எங்கருந்து வந்தா என்ன? மார்க் எங்கருந்து வரும், அதச் சொல்லுங்க" என்றார். நான் எழுந்து அந்த வகுப்புக்காக அரை மணி நேரம் பேசினேன். டீச்சர் கண் கலங்கிவிட்டார். ஆனாலும் வகுப்பை நிறுத்தினார்கள். அந்தப் பாடவேளை இன்றும் கணக்குப் பாடத்துக்குத்தான் போகிறது.

டீச்சர் ஓயவில்லை. சனிக்கிழமைகளில் மதுரையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குப் போய், இந்த வகுப்பை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். முட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே போவார். "இங்க போனது பத்துப் பள்ளிக்கூடத்துல முளைக்கட்டும்ணே" என்பார். அப்படிப் போன ஒரு கல்லூரியில்தான் உயிர் பிரிந்தது.

இதை அவரை அறிந்தவர்கள் வாசிப்பீர்கள். அன்று கூட்டத்தில் இருந்தவர்களும் வாசிப்பீர்கள். அதனால் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். அரை மணி நேரம் பேசினேன் என்றது நானாகச் சேர்த்தது. அன்று அந்தத் தகப்பனார் உட்கார்ந்ததும், "தலைவரா சொல்றேன், அந்த வகுப்பு வேண்டாம்" என்று முதலில் கை தூக்கியவன் நான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்கினார்கள்.

மறுவாரம் டீச்சர் கடைக்கு வந்து அரைக் கிலோ பருப்பு கேட்டார். கட்டிக் கொடுத்தேன். "அண்ணே, நிறுத்தச் சொன்னது பரீட்சைக்காகவா, பருப்புக்காகவா?" என்றார். குரலில் கோபமே இல்லை. பிள்ளைகளிடம் கேட்பது போலவே கேட்டார்.

"பரீட்சைக்குத்தான் டீச்சர்" என்றேன்.

"சரிண்ணே, போறேன்" என்று பையை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசியும் அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் இப்போது என்னிடம் இருக்கிறது.

பருப்புக்காகத்தான் டீச்சர்.