நான்கு மணி வெயில்

திசைகாட்டியின் முள் ஆடி அடங்கும்வரை அவர் மூச்சை விடுவதில்லை. அடங்கியதும், மேசைமேல் விரித்த வரைபடத்தை மெல்லச் சுழற்றுகிறார். தாளின் மூலையில் உள்ள வடக்கு அம்பும் முள்ளும் ஒரே பக்கம் பார்த்தாக வேண்டும். தாள் கோணலாகக் கிடக்கும். தேநீர்க் கோப்பை இடமில்லாமல் சன்னல் விளிம்புக்குப் போய்விடும். பிறகு நாற்காலியையும் தாளுக்கேற்ப நகர்த்தி, எதிரே இருப்பவருக்குப் பாதி முதுகைக் காட்டியபடி படிக்கத் தொடங்குகிறார். இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் பொய் சொல்லும் என்று அலமாரியை நடைவழிக்குத் தள்ளியாகிவிட்டது.

"அக்கா, நானும் சுத்திவந்து உக்காரணுமா?" என்று கேட்டார் எதிர்மேசைக்காரர்.

"வேணாம். நீங்க வடக்கதான் பாத்துட்டிருக்கீங்க. தப்பிச்சீங்க."

இந்தப் பழக்கத்துக்கு வயது இரண்டு மாதம். அக்காவுக்கு நாற்பத்தொன்பது.

பசுமைக் கட்டடங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் அது. மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி, பதினோரு பேர். சன்னல் எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு கனம், மழைநீர் எங்கே போகவேண்டும் என்று கட்டுபவர்களுக்குச் சொல்வார்கள். அவருடைய பங்கு வெயில். கட்டடத்தைக் கணினியில் எழுப்பி, ஓராண்டு வெயிலை ஒரு நிமிடத்தில் அதன்மேல் ஓட்டிக் காட்டுவார். அலுவலகத்தில் அவருக்கு 'வெயிலக்கா' என்று பெயர். அந்த அலுவலகத்தின் மேற்குச் சன்னலில் பழைய போர்வை ஒன்று ஆணியடித்துத் தொங்குகிறது.

புதிய அறைக்குள் நுழைந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல முதலில் சுவரில் உள்ளங்கையை வைக்கிறார். பகலில் விளக்கு எரிந்தால் யார் வீடாக இருந்தாலும் அணைத்துவிடுகிறார். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தபோது கை தானாகச் சுவிட்சைத் தேடியது. "அது எனக்கு வேணும்மா" என்றார் மருத்துவர்.

சொந்த வீட்டின் படுக்கையறை மேற்குப் பார்த்தது. கணவர் கணக்கு வாத்தியார். விருந்தாளி வந்தால் சொல்லக் கையிருப்பில் ஒன்று வைத்திருக்கிறார்: "ஊர்ல இருக்கிற சுவத்துக்கெல்லாம் இவ வைத்தியம் பாக்கறா. நம்ம வீட்டுல சட்டைய சுவத்துல தேய்ச்சா போதும், இஸ்திரி ஆயிடும்." வெயிலக்காவும் சேர்ந்து சிரிப்பார். இரண்டு மாதமாகச் சிரிக்கவில்லை. கணவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

காரணம் ஒரு நூலகம்.

படிப்பறைக்கு வடக்கே முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொன்னவர் அவர். வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாது, சூடும் ஏற்றாது. திரையில் ஓராண்டு வெயிலும் அந்தக் கண்ணாடியை அதிகம் தொடாமல் கடந்துபோனது. கட்டடம் திறந்து ஓராண்டு ஆனதும் அளவெடுக்கப் போனார். பரிசோதனைப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் முதல்தரச் சான்று, வாசற்சுவரில் பித்தளைப் பலகை. பலகை பதிந்தால் நகரசபையின் நான்கு பள்ளிக்கூட வேலை நிறுவனத்துக்கு வரும்.

காலை பத்து மணிக்கு எல்லாம் சொன்னபடி இருந்தது. வெப்பமானியைப் பார்த்து, குறித்துக்கொண்டு, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். எங்கே போனாலும் இரண்டு வேளை அளவெடுப்பது வழக்கம்.

மாலை நான்கு மணிக்குப் படிப்பறையின் எல்லா மேசைமேலும் வெயில் கிடந்தது. முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் தலையில் ஈரக் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து மடியில் புத்தகம் வைத்திருந்தார்கள்.

"நாலு மணிக்கு மேல இங்க வெயில்தான் மேடம் உக்காந்து படிக்கும்" என்றார் நூலகர். "அட்டைப்பெட்டிய கிழிச்சு வெச்சுப் பாத்தேன். அதுவும் சுருண்டுபோச்சு. இதுல, வெயில் தெரிஞ்சவங்கள வெச்சு டிசைன் பண்ணாங்களாம்."

"ஆமா. நான்தான்."

நூலகர் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "காலைல ரொம்ப நல்லாயிருக்கு மேடம்" என்றார்.

கண்ணாடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றே பழைய கோப்பை எடுத்தார். நீண்ட நிலம், தாளில் அடங்காததால் வரைந்தவர் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். மூலையில் வடக்கு அம்பு வலப்பக்கம் பார்த்தது. அதன்மேல் நகரசபை முத்திரை விழுந்திருந்தது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் அம்பு தெரிந்தது. மேல்விளிம்பு வடக்கு என்று எடுத்துக்கொண்டு கணினிக்குச் சொன்னவர் அவர். கட்டியவர்கள் திசை பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக் கட்டினார்கள். கட்டுமுன் அவர் ஒரே ஒருமுறை நிலத்துக்குப் போயிருந்தார். அன்று அடைமழை.

படிவத்தில் 'அளவெடுத்த நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. எந்த நேரம் என்று விதி எதுவும் இல்லை. பகலாக இருந்தால் போதும். ஒரு வேளை அளவுக்குத்தான் இடம். இரண்டு மாதம் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

படிவம் கொடுக்கவேண்டிய கடைசி நாளன்று முதலாளி கூப்பிட்டார். இருவரும் ஒரே கல்லூரி. முதலாளி இரண்டு வருடம் மூத்தவர்.

"பத்து மணி அளவு நீ எடுத்ததுதானேம்மா? பொய்யா அது?"

"பொய்யில்ல சார்."

"அப்புறம் என்ன? வெளிப்பக்கம் நிழல்தட்டி நாமளே போட்டுக் குடுத்துடலாம். சான்று வரட்டும், மறுநாளே ஆள் அனுப்பறேன்."

"பத்து மணிக்கு அங்க யாரும் வர்றதில்ல. வேலை முடிச்சு நாலு மணிக்குத்தான் வர்றாங்க. வந்து படியில உக்கார்றாங்க."

"அம்பு முத்திரைக்கு அடியில கெடந்துச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"இன்னொரு நாள் போய் வானத்தப் பாத்திருக்கலாம்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு பள்ளிக்கூடம்மா. வெளிய உக்காந்திருக்கிற பத்து பேரையும் நெனச்சுக்கோ. அஞ்சு மணிக்குள்ள கொண்டா."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மேசையில் கிடந்த வேறொரு வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். திசைகாட்டியை இழுப்பறையில் போட்டு மூடினார். எதிர்மேசைக்காரர், சன்னல் கட்டணமின்றி வெளிச்சம் தரும் என்று யாரிடமோ தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தார். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், எழுதியது.

முதலாளியின் அறையில், படிவத்தை மேசைமேல் வைத்தார். நேரத்துக்கான கட்டத்தில் 'மாலை 4.00' என்று இருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. தாள் தன் பக்கம் பார்த்தபடி கிடப்பதைக் கவனித்தார். இரண்டு விரலால் அதைச் சுழற்றி, முதலாளி படிக்கும்படி நேராக வைத்தார்.