சித்தம் கேட்டு நின்ற நாட்கள்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்கு அடுத்த அறையில், கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்தே பத்தொன்பது வருடம் ஓட்டியவள் அந்தத் தையல்காரம்மா. விரிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். நடுவில் நைந்திருந்தால் இரண்டாகக் கிழித்து, உறுதியான ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டிவிடுவாள். அதில் அவள் கை ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை.

துணியை விட்டு வெளியே வந்தால்தான் தயக்கம். லீவு நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று கூட வேலை செய்பவள் கேட்டாலும், மகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா என்றாலும், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்பாள். வாஷிங் மெஷின் வாங்கலாமா என்று கணவர் கேட்டபோது கண்ணை மூடி, வேதத்தைத் திறந்து, விரலை வைத்தாள். விரல் ஒரு வம்ச அட்டவணையில் போய் விழுந்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"வெறும் பேரா வந்திருக்கே. மெஷின் வாங்கச் சொல்றாரா, இன்னொரு பிள்ளை பெத்துக்கச் சொல்றாரா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் வேஷமில்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் தினமும் முழங்காலில் நிற்பவள் அவள். மகள் காய்ச்சலில் கிடந்த வருடம் வீட்டையே தாங்கியது அந்த ஜெபம்தான்.

ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தங்கையிடமிருந்து போன் வந்தது. இருவரும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் தங்கை குடும்பம் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்தபோது தங்கையின் வீட்டுக்காரரைப் பார்த்து, "பொணத்தைப் பாக்க மட்டும் வழி தெரிஞ்சுதா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டாள். அதோடு போக்குவரத்து அற்றுப்போனது.

"அக்கா, அவருக்கு ரொம்ப முடியல. டாக்டருங்க கைவிரிச்சிட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். வந்து நாலு நாள் கூட இருக்கியா?"

டப்பாவை அப்படியே மூடிவைத்தாள். ஆனாலும் வாய் பழகிய வார்த்தையைத்தான் சொன்னது. "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்மா."

அன்று சாயங்காலம் ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்டாள்: லீவு கிடைத்தால் போகிறேன். செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று அதிலும் சந்தேகம். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கட்டும் என்றாள். நாத்தனார் தானாகவே வந்து, "நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க அண்ணி" என்றாள். கடைசியாக, மனதில் சமாதானம் வரட்டும் என்று கேட்டாள். அது வரவில்லை. அம்மாவின் அடக்கத்தன்று தங்கையின் வீட்டுக்காரர் தலைகுனிந்து நின்ற முகம்தான் வந்தது.

புதன்கிழமை மாலை கணவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "ஆண்டவர் எத்தனை தடவைதான் பதில் சொல்வாரு? உனக்குப் போகப் பிடிக்கல. அதை அவர் தலையில ஏன் போடுற?"

அவள் அன்றிரவே பரணிலிருந்து பையை இறக்கினாள். வியாழன் காலை துணிப்பையில் இரண்டு சேலைகளை வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கையின் வீட்டுக்காரர் போய்விட்டார்.

ஆறு மணி நேரப் பயணம். அம்மாவின் அடக்கத்தன்று அவரைப் பார்த்துத் தான் கேட்ட கேள்வி, வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது போலிருந்தது. ஜெபிக்க வாயெடுத்தாள். மன்னியும் என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் வரவில்லை.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபிறகு, தங்கை மருந்துப் பாட்டில்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். குரலில் குத்தல் இல்லை.

"ஜெபம் பண்ணினியே, ஆண்டவர் என்னக்கா சொன்னாரு?"

"நீ போன்ல கூப்பிட்டப்பவே சொல்லிட்டாரு. நான்தான் வேற பதில் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

தங்கை ஒரு பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள். "அவரு ரெண்டு தடவை கேட்டாரு. உங்க அக்கா வந்தாச்சான்னு. உங்கிட்ட ஏதோ சொல்லணும்னாரு. என்னன்னு எங்கிட்டயும் சொல்லல."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கை தேற்றவில்லை, திட்டவுமில்லை. பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். மீதிப் பாட்டில்களை இவள் அடுக்கினாள்.

பன்னிரண்டு நாள் இருந்தாள். வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பி அனுப்பினாள். இறப்புச் சான்றிதழுக்குத் தங்கையோடு வரிசையில் நின்றாள். சாப்பிடமாட்டேன் என்றவளுக்குக் கஞ்சி வைத்து, குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். எதற்கும் அடையாளம் கேட்கத் தோன்றவில்லை. தட்டு கழுவும்போதும் வரிசையில் நிற்கும்போதும் உதட்டளவில் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. செய்யட்டுமா என்று கேட்கவில்லை, செய்யப் பெலன் தாரும் என்றுதான் கேட்டாள்.

பதின்மூன்றாம் நாள் தங்கை பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். ஏறும்போது, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது ஞாயிறுதோறும் பேசிக்கொள்கிறார்கள். பாதி நேரம் மௌனம், மீதி நேரம் பிள்ளைகள் படிப்பு. இறந்தவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது இருவருக்கும் தெரியாது. தையல்காரம்மா அதை ஆண்டவரிடம் கேட்பதில்லை. அது தனக்குச் சொல்லப்படாது என்று அவளுக்குத் தெரியும்.