மோப்பத்துக்கு மூக்கு போன விடுமுறை

குடும்பத்தில் அவளுக்கு வைத்த பெயர் மோப்பம். முகத்துக்கு நேராக ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். முதுகு திரும்பினால் போதும். மொட்டை மாடியில் ஒருத்தன் திருட்டு சிகரெட் பற்ற வைத்தால், கீழே குளித்துக்கொண்டிருக்கிற அவளுக்குத் தெரிந்துவிடும். பிடிபட்டவன் வாய் கழுவி, பல் தேய்த்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வந்து நின்றாலும் தப்பியது கிடையாது.

அப்பேர்ப்பட்ட மூக்கு, போன மாதம் வந்த காய்ச்சலோடு சேர்ந்து கிளம்பிப் போய்விட்டது. நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியவில்லை, புளிப்பு தெரியவில்லை, மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது, அவ்வளவுதான். "வரும், வரும்" என்றார் டாக்டர். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, மூக்கும் சொல்லவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. மருந்து நெடியில் கூட இருப்பவர்கள் எல்லாம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்ள, இவள் மட்டும் பாட்டை முணுமுணுத்தபடி படுக்கை விரிப்பு மடித்தாள். அந்த வரைக்கும் லாபம்தான்.

வம்பு, நீண்ட விடுமுறையோடு வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, அந்த விடுமுறையில் வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டில்தான் எல்லாரும் கூடுவது வழக்கம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வருஷம் பூராவும் ஒரு தட்டு கழுவிக் கவிழ்க்கிற வீடு, அந்த இரண்டு நாள் மட்டும் கத்தலும் கூச்சலுமாகச் சந்தைக்கடை ஆகும். எல்லாரும் தன் சமையலுக்காகத்தான் வருகிறார்கள் என்பது அவளுடைய கணக்கு. கை ருசி போனது தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். "பாவம், அவளை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? இந்தத் தடவை நம்ம வீட்லயே வெச்சுக்கலாம்." அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்புக்குத்தான் அவள் பயந்தாள்.

அதனால் சொல்லவில்லை. வாயைத் தைத்துக்கொண்டு சமையலில் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை குழம்பு கொதிக்கும்போது வெல்டிங் வேலை செய்கிற தம்பியைக் கூப்பிட்டாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து அவன் உள்ளங்கையில் விட்டாள்.

"என்ன குறையுதுன்னு சொல்லுடா பார்ப்போம். உன் நாக்குக்கு ஒரு பரீட்சை."

"சூப்பர்க்கா!"

அவனுக்கு எல்லாமே சூப்பர். வெந்நீர் கொடுத்தாலும் சூப்பர். அடுத்து மாமா வந்தார், கணவரின் அண்ணன். ரத்தக் கொதிப்புக்காரர், உப்பைக் கண்ணில் காட்டக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. நக்கிப் பார்த்து, "கொஞ்சம் கரிக்குதேம்மா" என்றார். பச்சைத் தண்ணீரே அவருக்குக் கரிக்கும். கடைசியாக அவர் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி. அதிகாரத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கலெக்டர்.

"உப்பு பத்தலை."

கலெக்டருக்கு எந்த வீட்டிலும், எந்தக் குழம்பிலும் உப்பு பத்தியதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் எப்படிச் சொல்கிறாள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். வெறுமனே "பத்தலை" என்றால் சரியாக இருக்கிறது. உதட்டைச் சுழித்தால்தான் நிஜமாகவே குறைவு. இப்போது உதடு சுழியவில்லை. மோப்பம் குழம்பை இறக்கி வைத்தாள்.

இப்படியே சனிக்கிழமை கரை ஏறியது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. சிரித்தால் சரி, இருமினால் நெஞ்சு நின்றுபோகும்.

"என்னம்மா, எங்க வாயையே பார்க்கறே? கண்ணு வெக்கறியா?" என்றாள் கலெக்டர்.

"உங்க வாயை மூடியே பார்த்ததில்லையேக்கா, அதான் பார்க்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கலெக்டர் சிரிக்கவில்லை. இவளையே ஒரு மாதிரி பார்த்தாள்.

ஞாயிறு மதியம்தான் பெரிய சாப்பாடு. ருசி பார்க்க ஆளைத் தேடினால் ஒருத்தரும் அகப்படவில்லை. எல்லாரும் போட்டோ எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். தம்பியின் கைக்குழந்தை மட்டும் சமையலறையை ஒட்டிய அறையில் தூங்கியது. கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் இறைச்சி, கழுவ வேண்டிய பாத்திரம் மலைபோல. குழாயைத் திறந்துவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டித் தேய்த்துக்கொண்டு நின்றாள். உப்பு போட்டோமா இல்லையா? அது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றியது.

திரும்பியபோது பால் பொங்கி வழிந்திருந்தது. அடுப்பு இரண்டும் அணைந்திருந்தன. 'சனியன், இதுக்கும் இன்னைக்குத்தான் நேரம் பார்த்ததா' என்று துணியால் துடைத்தாள். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"கையை எடு!"

சமையலறை வாசலில் கலெக்டர். அப்படி ஒரு குரலை அந்தக் குடும்பம் கேட்டதில்லை. பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். லைட்டர் தரையில் விழுந்தது. குனிந்து சிலிண்டரைச் சாத்தினாள். ஜன்னல் கதவுகளைத் தள்ளித் திறந்தாள். ஓடிப்போய்க் குழந்தையை அள்ளி வெளித் திண்ணையில் கிடத்தினாள். பிறகுதான் திரும்பி வந்தாள்.

"மாடிப்படி வரைக்கும் கேஸ் நாறுது. நீ அடுப்புகிட்டயே நிக்கறே. உனக்குத் தெரியலை?"

மோப்பம் தரையில் கிடந்த லைட்டரைப் பார்த்தாள்.

கலெக்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். நேற்றுப் பார்த்த அதே பார்வை. "எப்போலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

மாடியிலிருந்து தடதடவென்று எல்லாரும் இறங்கும் சத்தம். கலெக்டர் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் பாலைக் கவனிக்காம விட்டேன்னு சொல்லிக்கறேன். நீ பேசாம இரு."

நல்ல வாய்ப்புதான். திட்டு வாங்கப் பிறந்த ஆளும் இல்லை கலெக்டர். அவளே பழியை ஏற்க முன்வருகிறாள். ஆனால் மோப்பத்துக்கு அந்த அறையில் குழந்தை படுத்திருந்த விரிப்பின் சுருக்கம் தெரிந்தது. இன்றைக்கு வாயை மூடினால் நாளைக்கும் லைட்டரை எடுப்பாள்.

தம்பி உள்ளே நுழைந்ததும் சொல்லிவிட்டாள். "எனக்கு மூக்கு போச்சுடா. நாக்கும்தான். நேத்து நீங்க சாப்பிட்டதெல்லாம் குருட்டாம்போக்குச் சமையல்."

தம்பிக்கு முகம் வெளுத்தது. எல்லாம் சூப்பர் என்கிற ஆள் கத்த ஆரம்பித்தான். "பச்சைக் குழந்தை இருக்கற வீடுக்கா! ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? எங்களை யாருன்னு நினைச்சே?"

அவள் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்தாள். முடிந்தது கதை, இனி இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்?

வீடு காற்றாடிய பிறகு தம்பி சோப்புத் தண்ணீர் தடவிக் கேஸ் குழாயைச் சோதித்தான். அடுப்பைப் பற்ற வைத்தான். பசி யாரை விட்டது? பாதி வெந்த இறைச்சியை ஆளுக்கு ஆள் கிண்டினார்கள். அவளை உள்ளே விடவில்லை.

உப்பு போட்டோமா என்று இவளுக்கே தெரியாததால், போடவில்லை என்று முடிவு கட்டித் தம்பி போட்டான். அது தெரியாமல் கலெக்டர் போட்டாள். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், வருஷக்கணக்கில் உப்புக்கு ஏங்கிய மாமா ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தார்.

முதல் வாயிலேயே பந்தி ஸ்தம்பித்தது. பிள்ளைகள் தண்ணீர்ச் சொம்புக்கு அடித்துக்கொண்டார்கள். மோப்பம் ஒருத்திதான் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டுத் தட்டை நீட்டினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"என்ன? நல்லாத்தானே இருக்கு?"

மாமாவுக்குச் சிரிப்பில் புரை ஏறியது.

கலெக்டர் தம்பியை ஒரு பிடி பிடித்தாள். "எல்லாம் உன்னாலதான். அடுத்த தடவை நாங்க வர்றப்போ நீ அடுப்புப் பக்கம் தலை வெச்சே, கரண்டியாலயே போடுவேன்."

"அடுத்த தடவை நான் ஏன் வர்றேன், உப்பளத்துக்கே போய்க்கறேன். அக்கா, அந்தக் கேஸ் கண்டுபிடிக்கிற மிஷின் ஒண்ணு இருக்காம். வர்ற ஞாயித்துக்கிழமை வந்து மாட்டித் தர்றேன்."

"அடுத்த ஞாயிறா? அப்போ நாங்களும் வர்றோம். இவன் சுவத்தையே பேத்துடுவான்."

"விடுமுறை இல்லியேக்கா அன்னைக்கு" என்றாள் மோப்பம்.

"அதுக்கு?" என்றாள் கலெக்டர், நிஜமாகவே புரியாமல்.

மோப்பம் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு, அந்தக் கரிக்கும் சோற்றை இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.