வசந்தாம்மாவின் சிவப்பு மூடி

அண்ணனூர் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் ஹேமாவதி பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரிடம் காட்டுவது? இதய நோயாளியான வசந்தாம்மாவின் கால்கள் மறுபடியும் வீங்கிவிட்டன. உடம்பில் உப்பு சேர்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு சமையல்காரியைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் ஸ்ரீநாத் சொல்லிவிட்டார்.

அவள் என்ன குறை வைத்தாள்? இரவுச் சாப்பாட்டை மதியமே சமைத்து, எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, மூடியின்மேல் பேரும் தேதியும் எழுதி ஒட்டித்தான் ஃபிரிட்ஜில் வைக்கிறாள். இரவு ஆயா அதைப் பார்த்துத்தான் சூடாக்கிக் கொடுக்கிறாள். வசந்தாம்மாவின் மூடியில் மட்டும் 'உப்பில்லை' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

டப்பாக்களை அடுக்கி வைக்கும் ராணிதான் மூடியை மாற்றியிருப்பாள் என்று ஹேமாவதி முடிவு கட்டினாள். எல்லாமே ஒரே அளவு டப்பாக்களாயிற்றே. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். ராணி தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்று அழுதாள்.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பிய ஹேமாவதி, மறந்த சாவியை எடுக்கத் திரும்பி வந்தாள். ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வசந்தாம்மா, தன் சிவப்பு மூடியைப் பக்கத்துக் கட்டில் பூங்காவனத்தின் சாம்பார் சாத டப்பாமேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எதைக் கொடுத்தாலும் ருசி பார்க்காமல் விழுங்கிவிடுகிற பாவப்பட்ட ஜீவன் பூங்காவனம்.

ஹேமாவதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இன்னாம்மா இது? ராணி அழுதுகினு கீறா. எனக்கு வேலையே போவப் போவுது. சாவறதுக்கு என் சோறுதான் கெடச்சுதா உனக்கு?"

வசந்தாம்மா அசரவில்லை. "ஒரு நாளு நீ துன்னு பாருடி அந்த உப்பில்லாத கூட்டை. அப்பால பேசு."

ஹேமாவதி ராணியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். ராணி கையை உருவிக்கொண்டு டப்பாக்களை அடுக்கப் போனாள். மறுநாள் முதல் பேரும் தேதியும் மூடியிலிருந்து டப்பாவின் வயிற்றுக்கு இறங்கின. இரவுச் சாப்பாட்டுக்கும் அவளே நின்றாள். உப்பில்லாத கூட்டில் மிளகைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, வசந்தாம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"டப்பாக்குப் பேரு ஒட்டிட்ட. என் நாக்கை இன்னா பண்ணுவே?"

ஒரு வாய் உள்ளே போனது. இரண்டாவதற்கு வசந்தாம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹேமாவதி கரண்டியை இறக்கவில்லை.