பச்சைத் தண்ணீர்

பே கோபுரத் தெருவிலிருந்து பிரியும் சந்தின் முனையில் வேடியப்பனின் இஸ்திரி வண்டி நிற்கிறது. அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பௌர்ணமி கிரிவலத்தை ஒட்டி லாட்ஜ் தலையணை உறைகள் மூட்டையாக வரும். மற்ற நாட்களில் தெருவின் சட்டைகள். யார் இளைத்துவிட்டார், யார் வேலையை விட்டுவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத் துணியிலேயே தெரியும். வெளியே சொல்லமாட்டார்.

அவருடைய அம்மா இந்தத் தெருவுக்கு வெளுத்தவர். ஒரு பெண் வயதுக்கு வந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். மாற்றுத் துணி கொடுத்துவிட்டு, பெண் உடுத்தியிருந்ததைக் கட்டி எடுத்து வருவார். அது மறுபடி அந்த வீட்டுக்குள் போகாது, எடுத்து வந்தவருக்குத்தான். இப்போது மாற்றுத் துணி யாரும் கேட்பதில்லை. ஆனாலும் மூன்று நான்கு வீடுகளில் அந்த உடையைக் குப்பையில் போட மனம் வராமல், நாளிதழில் சுற்றிவைத்துவிட்டு வேடியப்பனைக் கூப்பிடுவார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் புட்டு இருக்கும்.

"வெளுத்துட்டா துணி துணிதான்" என்பது அம்மாவின் பேச்சு. வேடியப்பனும் அதை நம்பினார்.

மூன்று வருடத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் மனைவி காஞ்சனா இறந்துபோனாள். மகள் மணிமொழி அப்போது ஐந்தாவது. அவள் ஏழாவது போனதும் வேடியப்பன் மருந்துக் கடையில் கூட்டம் குறையும்வரை நின்று ஒரு நாப்கின் பாக்கெட் வாங்கி வந்தார். அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அந்த நாள் வந்தால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும், பயப்படாதே என்று சொல்ல வேண்டும், அத்தையைக் கூப்பிடட்டுமா என்று கேட்க வேண்டும். இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்லிப் பார்ப்பார். வாய் மட்டும் அசையும்.

போன ஆனி மாதம் தெருவின் நடுவீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் அபிநயாவும் மணிமொழியும் எட்டாவதில் ஒரே வகுப்பு. நாளிதழுக்குள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுடிதார் இருந்தது. இரண்டு தடவைகூட உடுத்தியிருக்க மாட்டார்கள். கறை சின்னது, அன்றைக்கே போய்விட்டது. வேடியப்பன் அதைத் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பில் பிடிக்கச் சொன்னார். ஆவணியில் மணிமொழிக்குப் பிறந்தநாள். அன்றைக்குப் பள்ளிக்குக் கலர் டிரஸ் போட்டுப் போகலாம்.

"கடையில வாங்கினியாப்பா?"

"நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்கு."

பிறந்தநாளன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் உடை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சுடிதார் இஸ்திரிக்கு வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கு எடுத்துவைத்திருக்கிறாள் என்று வேடியப்பன் நினைத்தார். தீபத்தன்று அவள் பழைய பாவாடையில் நின்று மலைத் தீபம் பார்த்தாள்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய யூனிபார்ம் பேன்ட்டை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சூடு பட்ட இடத்தில் பழுப்பாக ஒரு விளிம்பு எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அது பழையது. கறையைப் பார்த்தே அவரால் நாள் சொல்ல முடியும். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பேன்ட்டை எடுத்துக்கொண்டு சந்துக்குள் இருந்த தன் வீட்டுக்குப் போனார்.

மணிமொழி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"மணி, இது எப்பலருந்தும்மா?"

அவள் எழுந்து பேன்ட்டைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டாள்.

"இதெல்லாம் நீ எதுக்குப் பாக்கற?"

"அம்மா இல்லன்னா நான் இல்லியா? எப்ப?"

"காலாண்டு லீவுல."

நான்கு மாதம்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஸ்கூல்ல நாப்கின் குடுக்கறாங்க. அதுவே போதும்."

வேடியப்பன் அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். தூசி படிந்திருந்தது. வேட்டியில் துடைத்தார். என்னென்னவோ சொல்லிப் பார்த்து வைத்திருந்ததில் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"பயப்படாத."

"பயமெல்லாம் அன்னிக்கே முடிஞ்சிப் போச்சி."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? மாமாவுக்குப் போன் போடுவ. பந்தல் போடுவ. தெருவே வரும். அபிநயாவும் வருவா."

"வந்தா இன்னா?"

"அந்தச் சுடிதாரு அவளுதுதான?"

வேடியப்பன் பாக்கெட்டை மறுபடி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

"பர்த்டே அன்னிக்கு எல்லாரும் கைதட்டுனாங்க. அவ மட்டும் தட்டல. இன்டர்வெல்ல வந்து, 'ஏ, இது நான் ஏஜ் அட்டெண்ட் பண்ணப்ப போட்டிருந்தது, உங்கப்பாதான் வந்து எடுத்துனு போனாரு'ன்னா. எல்லார் எதுர்லயும். சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்துல ஒருத்தியும் உக்காரல."

"வெளுத்துட்டா துணி துணிதாம்மா."

"அப்ப என் துணி? அத யாரு வந்து எடுத்துனு போவாங்க?"

வெளுப்பவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அவருடைய அம்மாவுக்கு வரவில்லை. காஞ்சனாவுக்கும் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அதை யோசித்ததுமில்லை.

வேடியப்பன் தனக்குத் தெரிந்ததைக் கேட்டார்.

"சுடுதண்ணியா ஊத்தின?"

"சீக்கிரம் போகட்டும்னு."

"ரத்தத்துக்குச் சுடுதண்ணி ஆவாது. ஒட்டிக்கும். பச்சத் தண்ணில உப்பு போட்டு ஊற வைக்கணும். குடு, நான் எடுத்துத் தரேன்."

"வேணாம்."

"நான் உங்கப்பன்மா."

"அதான் வேணாம்."

அவர் வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, கல் உப்புப் போட்டுக் கலக்கி, குளியலறை வாசலில் வைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். மதியம் சாப்பிட வந்தபோது பேன்ட் கொடியில் தொங்கியது. சரியாகப் பிழியவில்லை, தண்ணீர் சொட்டியது. புதுக் கறை போயிருந்தது. பழையது அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து காஞ்சனாவின் தம்பி சரவணகுமார் போனில் பேசினான்.

"இன்னா மாமா, இன்னும் சேதி ஒண்ணும் இல்லியா? அக்கா இருந்தா கேட்டிருக்கும். சீருக்குப் பொடவகூட எடுத்து வச்சிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணிமொழி எழுதுவதை நிறுத்தினாள்.

"அவ இன்னும் கொழந்தப்பா" என்றார் வேடியப்பன்.

அவள் மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

மாசியில் மூன்றாவது வீட்டு அம்மா கதவைத் திறந்து கூப்பிட்டார். "வேடியப்பா, அது ஒண்ணு இருக்கு. வந்து எடுத்துனு போ."

"இனிமே எடுக்கறதில்லீங்கம்மா."

"புட்டு வச்சிருக்கேன்பா."

"இல்லீங்க."

அந்த வீட்டுச் சட்டைகள் இப்போது வருவதில்லை. இதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்த பாக்கெட் ஒரு நாள் காலியாகிவிட்டது. இன்னொன்று வாங்கி வைத்தார். அதுவும் தீர்ந்தது.

யூனிபார்ம் வண்டிக்கு வருவது நின்றுவிட்டது. அவளே துவைத்து, மடித்து, பாய்க்கடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொள்கிறாள். காலையில் வண்டியைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். "வரேன்ப்பா" என்பாள். நிற்கமாட்டாள்.

எதிரே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ராமன் ஒரு நாள் சொன்னார். "இன்னா வேடியப்பா, ஊரு சட்டையெல்லாம் கத்தி மாதிரி நிக்குது. உம் பொண்ணு மட்டும் கசங்கினு போவுது. அவுளுக்கு மட்டும் பெட்டி சூடாவாதா?"

வேடியப்பன் சிரித்தார். அவள் முனை திரும்பும்வரை பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. ஒரே இழுப்பில் சரியாகிவிடும்.

பெட்டி சூடாகத்தான் இருந்தது. யாருடைய சட்டையையோ எடுத்து விரித்தார்.