அரை நிமிட மௌனம்

பேசிய ஒருவரை நான் பேசாதவராக்கினேன். கதவின் சாவி எங்கே என்ற கேள்விக்கு அவர் நான்கு நிமிடம் பதில் சொன்னார். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவருடைய குனிந்த தலையை வைத்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கல்கத்தாவில், டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களில் நாற்பது வருடம் படத்தொகுப்பாளனாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு செய்தி சேனலுக்குச் சின்ன ஆவணப்படங்கள் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் முன்பு ஒரு தையல் கூடத்தில் தீப்பிடித்தது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்ததால் மூன்று பெண்கள் இறந்தார்கள். அங்கே காவலுக்கு இருந்தவர் தமிழர்; ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியில் குடியிருந்தவர். அந்தத் தீயைப் பற்றிய படத்தை இயக்கிய பெண் அவரிடம் வங்காளத்தில் கேட்டாள். அவரும் வங்காளத்தில்தான் தொடங்கினார். இறந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். முதலாளி இரண்டு வாரம் முன்பே சாவியை வாங்கிக்கொண்டு போனதையும், திரும்பக் கேட்டு மூன்று தடவை போய் நின்றதையும் தமிழில்தான் சொன்னார். பாதியில் விடுவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

தொகுப்பு அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னதையே சொல்கிறார் என்றேன். மொழிபெயர்த்துப் படத்தின் கீழே எழுத்துப் போட ஒரு மணி நேரமாவது ஆகும். படம் அன்று மாலையே போக வேண்டும். எனக்குச் சலிப்பாகவும் இருந்தது.

பேட்டி முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எல்லோரையும் அரை நிமிடம் சும்மா இருக்கச் சொல்வது வழக்கம். அறையின் வெறும் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால், வெட்டிய இடங்களை அதைக்கொண்டு நிரப்பலாம். கேமரா அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு முகம் என்ன சொல்கிறது என்பதை அதற்கு முன்னால் ஒட்டும் துண்டுதான் தீர்மானிக்கும். கருகிய பூட்டு, சாவி எங்கே என்ற கேள்வி, பிறகு அந்தத் தலை. அதை ஆறு விநாடி ஓட விட்டேன். அத்தனை நேரம் விட்டால் பார்க்கிறவர்கள் அவரைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமும் பட்டேன்.

படம் வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், விசாரணையில் உண்மை தெரிந்து மூன்றாம் நாளே விட்டுவிட்டது. அவருடைய பாரா, அவர் குடியிருந்த பேட்டை, விடவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோர் போனிலும் அந்த ஆறு விநாடி இருந்தது. துர்கா பூஜைப் பந்தலில் போக் பிரசாதம் பரிமாற வருடா வருடம் அவரைக் கூப்பிட்டவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். சென்ற வருடம் ஒரு பொங்கல் விழாவில், நான் யாரென்று தெரியாமல் என் பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் மனைவி இதையெல்லாம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மூலப்பதிவு என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. நான்கு நிமிடத்தையும் ஒரு வெட்டும் இல்லாமல், கீழே வங்காள எழுத்துகளோடு தயார் செய்தேன். சேனலில் பழைய விஷயம் என்று மறுத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கே போய், செய்ததைச் சொல்லி, போட்டுக் காட்டினேன். அவர் திட்டவில்லை.

"சும்மா உக்காரச் சொன்னாங்களே சார், அப்ப எடுத்ததா அது?"

ஆமாம் என்றேன்.

"அந்தப் பொண்ணுங்கள நெனச்சுக்கிட்டிருந்தேன். தாது, டீ குடிச்சாச்சான்னு கேப்பாங்க, சொந்தத் தாத்தாவக் கேக்குற மாதிரி. கேட்டுட்டுத்தான் மேல போவாங்க."

அவர் மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்களுக்குக் காட்டி என்ன ஆவப்போவுது? அதப் பாத்தவங்களுக்குக் காட்டுங்க."

பாராவின் கிளப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேரம் பலகையை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். பதினைந்து பேர் வந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாவது நிமிடத்தில் நாலு பேர் டீக்கு எழுந்து போனார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கிளப் செயலாளர் மரியாதையாகவே என்னிடம், கொஞ்சம் வெட்டியிருக்கலாம் தாது, ரொம்ப நீளம் என்றார். பக்கத்தில் நின்ற காவல்காரர் காதிலும் அது விழுந்தது. நாங்கள் இருவருமாக நாற்காலிகளை மடக்கி வைத்தோம்.

இந்த வருடமும் பூஜைக்குக் கூப்பிடவில்லை. அதைச் சொல்லத்தான் அவர் மனைவி போன் செய்திருந்தார். வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார்.

"அன்னிக்கு கிளப்புக்கு வந்திருந்த ஆட்டோக்காரர் ஒருத்தர் மட்டும் இவர்கிட்ட கேட்டாராம், சாவிய மொதலாளியா வாங்கிட்டுப் போனான்னு. இவரு மொதல்லேருந்து சொல்லியிருக்காரு. அவரு வண்டிய நிறுத்திட்டு முழுசும் கேட்டாராம்."